வெள்ளரிக்காய் சாண்ட்விச் ஈரமாகி நைந்து போகிறது, என்ன வழி?

பாயான்பாரு அம்மா | மே 4, இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். இங்கே பினாங்கில் மகள் படிக்கும் பள்ளியில் 16ஆம் தேதி ஆசிரியர் தினம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பசியாறலுக்கு ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டோம். மீகூன், வடை, கறிப்பாப், கேசரி எல்லாவற்றுக்கும் ஆள் கிடைத்துவிட்டது. ஆசிரியைகளில் இரண்டு பேருக்குக் காரம் ஆகாது, நாலைந்து பேர் சைவம். அதனால் வெள்ளரிக்காய் சாண்ட்விச் நான் செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். 40 பேருக்கு.

நேற்று வீட்டில் செய்து பார்த்தேன். செய்த கையோடு சாப்பிட்டபோது நன்றாகவே இருந்தது. டப்பாவில் மூடி வைத்து ஒன்றரை மணி நேரம் கழித்துத் திறந்தால் கீழ் ரொட்டி டப்பாவோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. ஒன்றைத் தூக்கினேன், நடுவில் கிழிந்து வெள்ளரித் துண்டுகள் வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தன. டப்பாவின் மூலையில் ஒரு கரண்டித் தண்ணீர் நிற்கிறது.

நான் செய்த முறை இதுதான்: பாசாரில் விற்கும் தடித்த வெள்ளரிக்காய், தோல் சீவி வட்டமாக நறுக்கினேன். ரொட்டியின் நடுவில் கொஞ்சம் மார்ஜரின். வெள்ளரியை அடுக்கி, மேலே உப்பும் மிளகுத்தூளும் தூவி மூடினேன். எங்கே தப்பு? அந்த ஆசிரியைகள் என் மகளுக்கு எவ்வளவோ செய்திருக்கிறார்கள். அவர்கள் கையில் நைந்த ரொட்டியைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

செந்தூல்வாசி | மே 4, இரவு 9.48

மயோனிஸ் போடுங்கள், சரியாகிவிடும்.

பட்டர்வொர்த் அக்கா | மே 4, இரவு 10.31

தம்பி, மயோனிஸ் போட்டால் இன்னும் மோசமாகும். அதோடு மயோனிஸில் முட்டை இருக்கிறது, சைவம் சாப்பிடுகிறவர்கள் தொட மாட்டார்கள்.

தங்கச்சி, உங்கள் தப்பு ஒரே இடத்தில்தான். உப்பை எங்கே, எப்போது போட்டீர்கள் என்று பாருங்கள். வெள்ளரிக்காயில் 100 கிராமுக்கு 95 கிராம் தண்ணீர்தான். உப்புப் பட்டவுடன் அந்தத் தண்ணீர் வெளியே வர ஆரம்பிக்கும். நீங்கள் ரொட்டிக்குள் வைத்த பிறகு உப்புப் போட்டிருக்கிறீர்கள். காய் விட்ட தண்ணீர் முழுவதையும் ரொட்டி குடித்துவிட்டது. அதே உப்பை முன்கூட்டியே போட்டிருந்தால் தண்ணீர் வடிதட்டுக்குக் கீழே போயிருக்கும்.

நம் ஊரில் அச்சார் (காய்கறி ஊறுகாய்) செய்கிறவர்களைப் பாருங்கள். வெள்ளரியை நறுக்கி, விதைப் பகுதியை எடுத்துவிட்டு, உப்புப் பிசறி வைத்துப் பிழிந்து வெயிலில் காயவைப்பார்கள். அதனால்தான் அச்சார் பல நாள் ஆனாலும் காய் கடிக்க நறுக்கென்று இருக்கிறது. சாண்ட்விச்சுக்குப் பிழியவோ வெயிலில் வைக்கவோ வேண்டாம், பாதி வழி போனால் போதும்.

நான் செய்வது: 300 கிராம் துண்டுகளுக்கு அரைத் தேக்கரண்டி உப்பு. கையால் மெதுவாகப் பிசறி, வடிதட்டில் பரப்பி, கீழே ஒரு மங்கு வைத்து 20 நிமிடம் விடுவேன். அப்புறம் ஒரு சுத்தமான பருத்தித் துணியில் துண்டுகளை ஒரு வரிசையாக அடுக்கி, இன்னொரு துணியால் மூடி உள்ளங்கையால் ஒற்றி எடுப்பேன். மேல் துணி நனைந்தால் திருப்பிப் போட்டு இன்னொரு முறை. கழுவ வேண்டாம், கழுவினால் எடுத்த தண்ணீரைத் திரும்பக் கொடுத்தது போல ஆகும். 20 நிமிடத்துக்கு மேல் ரொம்ப நேரம் விட்டாலும் காய் துவண்டு தோல் மாதிரி ஆகிவிடும், அந்த நறுக்குத்தன்மை போய்விடும்.

இதைச் செய்த பிறகு உள்ளே மறுபடி உப்புப் போடாதீர்கள். வெண்ணெயும் உப்பு வெண்ணெயாக இருந்தால் தாராளமாகப் போதும்.

பாயான்பாரு அம்மா | மே 4, இரவு 10.50

அக்கா, ரொம்ப நன்றி. உப்பைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை, ருசிக்கு என்று மட்டும் நினைத்தேன். இரண்டு சந்தேகம். தடித்த வெள்ளரி சரியா, இல்லை நீளமாக ஒல்லியாக ஜப்பான் வெள்ளரி என்று விற்கிறார்களே, அது நல்லதா? மார்ஜரின் பரவாயில்லையா?

பட்டர்வொர்த் அக்கா | மே 4, இரவு 11.05

ஜப்பான் வெள்ளரி. விதை சிறியது, தோல் மெல்லியது, சீவவே வேண்டாம். தடித்த காய் விலை குறைவு, ஆனால் நடுவில் வழுவழுவென்று இருக்கும் விதைப் பகுதிதான் அதிகத் தண்ணீர் விடுகிறது. அதுதான் கிடைத்தது என்றால் நீளவாக்கில் பிளந்து, கரண்டியால் விதையை வழித்துவிட்டு நறுக்குங்கள். வட்டமாக வராது, பிறை பிறையாக வரும். ருசியில் குறை இல்லை.

மார்ஜரின் கேள்விக்கு ரொட்டிக்கடைத் தம்பி வரட்டும், அவருக்குத்தான் அது தெரியும்.

ரொட்டிக்கடைப் பிள்ளை | மே 5, காலை 6.15

அக்கா கூப்பிட்டதால் வந்துவிட்டேன். அப்பா ஜோர்ஜ்டவுனில் 30 வருடத்துக்கு மேல் ரொட்டி சுட்டவர், நான் அந்த மாவு மூட்டைகள் மேல் படுத்து வளர்ந்தவன். ரொட்டி பற்றி என்றால் எழுதாமல் இருக்க முடியாது.

முதலில் வெண்ணெய். சாண்ட்விச்சில் வெண்ணெய் ருசிக்கு மட்டும் இல்லை. அது ரொட்டிக்கும் காய்க்கும் நடுவில் போடும் சுவர். வெண்ணெயில் 80 விழுக்காடு கொழுப்பு, தண்ணீர் அதைத் தாண்டிப் போகாது. ஆனால் சுவரில் ஓட்டை இருந்தால் சுவர் எதற்கு? நீங்கள் நடுவில் மட்டும் தடவினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஓரம் வரைக்கும், மூலை வரைக்கும், இரண்டு ரொட்டித் துண்டிலும் தடவ வேண்டும். தடவிய ரொட்டியைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் ரொட்டியின் துளைகள் எதுவும் தெரியக்கூடாது. அதுதான் அளவு. ஒரு துண்டுக்கு 7 கிராம் அளவில் வரும்.

மார்ஜரினிலும் கொழுப்பு இருக்கிறது, ஆனால் டப்பாவில் வரும் மிருதுவான ரகங்கள் பலவற்றில் தண்ணீர் அதிகம் கலந்திருக்கும். டப்பாவின் பின்புறம் கொழுப்பு எவ்வளவு என்று படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். கிரீம் சீஸ் போடலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். அதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். ருசி நன்றாக இருக்கும், உடனே சாப்பிடுவதற்குச் சரி, காத்திருக்க வேண்டிய சாண்ட்விச்சுக்கு நான் போட மாட்டேன்.

நம் ஊர் சூட்டுக்கு ஒரு எச்சரிக்கை. வெண்ணெய் 32 டிகிரிக்கு மேல் போனால் உருக ஆரம்பிக்கும். மதிய நேரம் சமையலறை மேசையில் அரை மணி நேரம் விட்டாலே ஓரத்தில் எண்ணெய் பிரிந்து மஞ்சளாக மின்னும். அப்படி ஆன வெண்ணெயைத் திரும்ப ஐஸ்பெட்டியில் (ஃபிரிட்ஜில்) வைத்தாலும் பழைய நிலைக்கு வராது, ரொட்டிக்குள் எண்ணெயாக இறங்கிவிடும், சுவர் போச்சு. ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்து 10, 15 நிமிடம். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. அந்த நேரத்தில் தடவுங்கள்.

இப்போது ரொட்டி. அன்று சுட்ட ரொட்டி வேண்டாம். முந்தின நாள் ரொட்டி கொஞ்சம் இறுகியிருக்கும், கத்திக்கு நிற்கும், வெண்ணெய் தடவும்போது கிழியாது. கடையில் பொட்டலமாக வரும் கார்டினியா மாதிரி ரொட்டி ரொம்ப மிருது. அதை வாங்கினால் தடவுவதற்கு முன் 20 நிமிடம் உறைபெட்டியில் வையுங்கள். விறைத்திருக்கும்போது தடவுவது சுலபம், சாப்பிடுவதற்குள் பழையபடி மிருதுவாகிவிடும். ஆனால் ரொட்டியை நாள் கணக்கில் ஐஸ்பெட்டியின் சாதாரணக் குளிரில் வைக்காதீர்கள். அங்கேதான் ரொட்டி சீக்கிரம் பழசாகி இறுகிப் போகிறது, வெளியில் இருப்பதைவிட வேகமாக.

பினாங்கில் இருக்கிறீர்கள், ரொட்டி பெங்காலி வாங்கி மெல்லியதாக வெட்டச் சொல்லலாமே என்று தோன்றியது. அதன் மேல் ஓடு கெட்டி, உள்ளே சதை அடர்த்தி, வெள்ளரிக்கு நன்றாகத் தாங்கும். (வங்காளத்துக்கும் அந்த ரொட்டிக்கும் சம்பந்தம் இல்லையாம். கடையில் வேலை செய்தவர்களும் இலாபத்தில் பங்கு வாங்கிய பங்காளிகள், அந்தப் பங்காளிதான் பெங்காலி ஆனது என்று அப்பா சொல்வார். பினாங்கில் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நம் தமிழ்ச் சொல் ஒரு ரொட்டியின் பெயராக மலாய்க்காரர், சீனர் வாயிலும் உலவுகிறது என்பது எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்.)

செந்தூல்வாசி | மே 5, காலை 8.02

மயோனிஸ் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். இவ்வளவு விஷயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நானும் இந்த வாரம் செய்து பார்க்கிறேன்.

தோட்டத்து மகன் | மே 5, மதியம் 1.37

நான் இந்தப் பக்கத்தில் அதிகம் எழுதுவதில்லை. தலைப்பைப் பார்த்ததும் அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். இப்போது கோலாலம்பூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். அம்மா முதலில் ரப்பர் பால் எடுக்க மரம் சீவினார், அப்புறம் துரை பங்களாவில் சமையல் வேலைக்குப் போனார். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) எங்கள் வீட்டில் ரொட்டி என்பதே சம்பள நாளில் மட்டும்தான். ஆனால் அம்மாவுக்கு வெள்ளரிக்காய் சாண்ட்விச் அவ்வளவு சுத்தமாகச் செய்ய வரும். துரையம்மா நான்கு மணிக்குத் தேநீர் குடிப்பார். வெள்ளைக்காரர்களிடம் அந்தச் சாயங்காலத் தேநீர்ப் பழக்கம் 1840 வாக்கில் பிரபுக் குடும்பங்களில் ஆரம்பித்ததாம், இராச்சாப்பாடு எட்டு மணிக்கு மேல் என்பதால் நடுவில் பசிக்குக் கொஞ்சம். வெயிலில் வந்து உட்கார்ந்தவர்களுக்கு வெள்ளரி குளிர்ச்சி. அதனால் இந்த ஊருக்கும் அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள்.

பள்ளி விட்டு நான் பங்களாவின் பின்வாசலில் போய் நிற்பேன். அம்மா வெள்ளரியை நறுக்குவதைப் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். இயந்திரம் எதுவும் கிடையாது, தீட்டித் தீட்டித் தேய்ந்துபோன ஒரு கத்தி. துண்டை எடுத்து ஜன்னல் பக்கம் பிடிப்பார், அந்தப் பக்கம் இருக்கும் செம்பருத்திச் செடியின் சிவப்பு அதன் வழியாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்தத் துண்டு எனக்கு. நான் நிறைய சாப்பிட்டிருக்கிறேன்.

அப்புறம் ஒரு விஷயம், இங்கே யாரும் இன்னும் சொல்லவில்லை. செய்து முடித்ததும் அம்மா ஒரு மல் துணியை நனைத்து, முறுக்கி முறுக்கிச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பிழிந்து, சாண்ட்விச் தட்டின் மேல் போர்த்துவார். உள்ளே ஈரம் ஆகாது, வெளியே ரொட்டி காய்ந்து முறுகாது. மூடி போட்ட டப்பாவில் ஆவி மூடியில் கட்டிச் சொட்டும், துணியில் அப்படி ஆகாது. பாயான்பாருவில் இருக்கும் தங்கைக்கு இது உதவும் என்று நினைக்கிறேன்.

பாயான்பாரு அம்மா | மே 5, மதியம் 2.10

ஐயா, படித்துவிட்டுக் கண் கலங்கிவிட்டது. டப்பாவின் மூலையில் நின்ற தண்ணீருக்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும். என் மூடியின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாக வேர்த்திருந்தது. உங்கள் அம்மா முறைப்படி துணி போர்த்துகிறேன்.

ஜெலுத்தோங் ஆச்சி | மே 5, மாலை 5.25

எல்லாம் சரி, காயின் முனையை வெட்டித் தேய்த்தீர்களா? கசப்பு போக அதைச் செய்ய வேண்டும். வெள்ளை நுரை வரும் வரை தேய்க்க வேண்டும். பிள்ளைகள் இப்போது இதை விட்டுவிட்டார்கள்.

பட்டர்வொர்த் அக்கா | மே 5, மாலை 6.40

ஆச்சி, நானும் 40 வருடம் தேய்த்தவள்தான், என் மாமியார் பழக்கிவிட்டார். என் மகள் வேளாண்மை படித்தவள், அவள் சொன்னதை மரியாதையோடு இங்கே வைக்கிறேன். அந்த நுரை வெட்டிய இடத்தில் ஊறும் காயின் சாறு. கசப்பான பொருள் காயின் சதைக்குள்ளும் தோலுக்கு அடியிலும் இருக்கிறது, தேய்ப்பதால் அது நகர்ந்து வெளியே வராது. ஆனால் கசப்பு காம்புப் பக்கம்தான் அதிகம், அதனால் அந்த முனையில் ஒரு அங்குலம் வெட்டிப் போடுவது உண்மையிலேயே பலன் தரும். தேய்ப்பதற்கு வெட்டினோமே, அந்த வெட்டுதான் நம்மை இத்தனை நாள் காப்பாற்றியிருக்கிறது.

வெட்டிய பிறகு ஒரு துண்டை வாயில் போட்டுப் பாருங்கள். லேசாகக் கசந்தால் தோலைத் தடிமனாகச் சீவினால் போகும். நாக்கில் நிற்கும் அளவுக்குக் கசந்தால் அந்தக் காயையே தூக்கிப் போடுங்கள், வயிற்றைக் கெடுக்கும். விருந்துக்கு ஒவ்வொரு காயையும் தனித்தனியாகச் சுவைத்துப் பார்க்க வேண்டும், ஒரு கசப்புக் காய் மொத்த வடிதட்டையும் கெடுத்துவிடும்.

ஜெலுத்தோங் ஆச்சி | மே 5, இரவு 7.15

வெட்டுவது பலன் என்றால் சரிதான். நான் தேய்ப்பதையும் விட மாட்டேன், கை பழகிவிட்டது.

கிள்ளான் மீனம்மை | மே 6, காலை 10.05

புதினாச் சட்னி வைக்காமல் வெள்ளரி சாண்ட்விச்சா? பம்பாயில் தெருவுக்குத் தெரு விற்கிறார்களே, வெள்ளரி, உருளைக்கிழங்கு, பீட்ரூட், பச்சைச் சட்னி வைத்து. அவர்களும் ரொட்டியில் முதலில் வெண்ணெய்தான் தடவுகிறார்கள், அதன் மேல்தான் சட்னி. ரொட்டிக்கடைத் தம்பி சொன்ன சுவர் அங்கேயும் இருக்கிறது.

காரம் ஆகாதவர்கள் இருப்பதால் உங்களுக்கு வேறு வழி சொல்கிறேன். புதினா இலையைக் கழுவி, துணியில் நன்றாக உலர்த்தி, பொடியாக நறுக்கி வெண்ணெயோடு குழைத்துவிடுங்கள். 100 கிராம் வெண்ணெய்க்கு ஒரு கைப்பிடி இலை. சட்னியாக அரைத்தால் தண்ணீர் சேரும், வெண்ணெயில் குழைத்தால் சேராது. மிளகு போடுவதாக இருந்தால் சரவாக் வெள்ளை மிளகு. கருமிளகு வெள்ளைச் சாண்ட்விச்சில் புள்ளிபுள்ளியாகத் தெரியும், வெள்ளை மிளகு மணம் மட்டும் கொடுத்துவிட்டு அடங்கிவிடும்.

எலுமிச்சையோ கஸ்தூரி எலுமிச்சையோ பிழிய ஆசைப்பட்டால் வெண்ணெயில் தோலை மட்டும் துருவிப் போடுங்கள். சாறு வேண்டாம். எவ்வளவு கஷ்டப்பட்டுத் தண்ணீரை வெளியேற்றினோம்!

செந்தூல்வாசி | மே 6, மதியம் 12.30

ஒரு சின்ன விலகல். எங்கள் வீட்டில் சாண்ட்விச் என்றாலே டின் சார்டின் மசித்து, வெங்காயம், மிளகாய், வெள்ளரி வைத்துத்தான். பள்ளிக்குப் போகும்போது அம்மா கட்டிக் கொடுப்பார். பத்து மணி இடைவேளையில் திறந்தால் தக்காளிக் குழம்பு ரொட்டியில் இறங்கியிருக்கும், எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் வெள்ளரியை அம்மா தனியாக ஒரு சின்னப் பொட்டலத்தில் வைத்திருப்பார், சாப்பிடும்போது நாமே உள்ளே வைக்க வேண்டும். ஏன் என்று இன்றைக்குத்தான் புரிகிறது.

கிள்ளான் மீனம்மை | மே 6, மதியம் 12.44

உங்கள் அம்மா சரியான ஆள். பிள்ளைகளுக்குக் காலை 6 மணிக்குக் கட்டி 10 மணிக்குச் சாப்பிடுவதாக இருந்தால் அதைவிட நல்ல வழி கிடையாது.

பாயான்பாரு அம்மா | மே 10, இரவு 8.55

இரண்டாவது முறை செய்து பார்த்தேன். அளவோடு எழுதுகிறேன்.

ஜப்பான் வெள்ளரி மூன்று, நறுக்கியதும் 300 கிராம். காய் சீவும் பலகையில் 2 மில்லிமீட்டர் தடிமன். அரைத் தேக்கரண்டி உப்பு, 20 நிமிடம். மங்கில் மூன்று மேசைக்கரண்டித் தண்ணீர் இறங்கியிருந்தது. அளந்து பார்த்து எனக்கே நம்பிக்கை வரவில்லை, போன முறை இவ்வளவும் ரொட்டிக்குள் போயிருக்கிறது. துணியில் ஒற்றியபோது இன்னும் நனைந்தது. துண்டுகள் ஓரம் லேசாக வளைந்து, நடுவில் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தன, கடித்தால் நறுக்கென்று இருந்தது.

ஐயா சொன்னது போல ஒரு துண்டை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். எதிர்வீட்டுக் கேட்டின் பச்சை நிறம் தெரிந்தது.

துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறி நிற்கும்படி மீன் செதில் மாதிரி இரண்டு அடுக்கு வைத்தேன். ஒரு அடுக்கு மட்டும் வைத்தால் ரொட்டி ருசிதான் தெரிகிறது. மூடி, உள்ளங்கையால் மெதுவாக அழுத்தி, பத்து நிமிடம் ஐஸ்பெட்டியில் வைத்து வெண்ணெய் இறுகியதும் ஓரத்தை வெட்டினேன். கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் துடைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தால் கீழ் ரொட்டி காய்ந்தபடி இருக்கிறது. தூக்கினால் தூக்கிய வடிவத்தில் கைக்கு வந்தது.

ஒரே ஒரு குறை. மகள் புதினா வெண்ணெய் வேண்டாம், வாய் கழுவும் மருந்து மாதிரி இருக்கிறது என்றாள். அதனால் பாதி புதினா, பாதி வெறும் வெண்ணெய் என்று முடிவு.

இப்போது 40 பேர் கணக்கு வேண்டும். அப்புறம், காலை 10 மணிக்குப் பரிமாற எத்தனை மணிக்குச் செய்யலாம்? இரவே செய்து வைக்கலாமா?

சிற்றுண்டிச்சாலை அண்ணன் | மே 10, இரவு 9.40

கோலாலம்பூரில் ஒரு அலுவலகத்தில் சிற்றுண்டிச்சாலை நடத்துகிறேன், கணக்கு நான் சொல்கிறேன்.

வேறு பலகாரமும் இருப்பதால் ஆளுக்கு மூன்று சிறு முக்கோணம் போதும். 40 பேருக்கு 120. ஒரு முழுச் சாண்ட்விச்சில் நான்கு வரும், ஆக 30 சாண்ட்விச், 60 ரொட்டித் துண்டு. முனைத் துண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள், கிழிவதற்கும் சேர்த்து இன்னும் ஒரு பொட்டலம் கூடுதலாக வாங்குங்கள். துண்டுக்கு 7 கிராம் வெண்ணெய் என்றால் 420 கிராம், 250 கிராம் கட்டி இரண்டு. வெள்ளரி ஒரு சாண்ட்விச்சுக்கு 40 கிராம் என்று வைத்தால் 1.2 கிலோ, முனை, கசப்பு போக ஒன்றரைக் கிலோ வாங்குங்கள்.

வெள்ளரியை நான்கு நாள் முன்னாலேயே வாங்கி ஐஸ்பெட்டியின் அடியில் திணிக்காதீர்கள். 10 டிகிரிக்குக் கீழே நாள் கணக்கில் இருந்தால் குளிர் தாக்கித் தோலில் குழி விழும், உள்ளே கொழகொழவென்று ஆகும். 14 அல்லது 15ஆம் தேதி வாங்கிக் குளிர் குறைவான தட்டில் வையுங்கள். வாழைப்பழம், தக்காளி பக்கத்தில் வேண்டாம், மஞ்சளாகிவிடும்.

இரவே முழுதாகச் செய்ய வேண்டாம். இரவில் புதினா வெண்ணெய் குழைத்து வைக்கலாம், துணிகளைத் துவைத்து வைக்கலாம். காய் நறுக்குவது காலையில்தான். 6.30க்கு நறுக்கி உப்புப் போடுங்கள், 7.15க்கு அடுக்க ஆரம்பியுங்கள், 8.30க்குள் முடித்து ஐஸ்பெட்டியில் ஏற்றுங்கள். 9.30க்கு ஐஸ் கட்டி போட்ட பெட்டகத்தில் எடுத்துப் போங்கள். வெளியே எடுத்து வைத்தால் இரண்டு மணி நேரம்தான் கெடு. 32 டிகிரிக்கு மேல் வெயில், காற்றில்லாத மண்டபம் என்றால் ஒரு மணி நேரம். அதற்கு மேல் மிஞ்சினால் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஒரே தட்டில் 120ஐயும் வைக்காமல் 40 வைத்து, தீரத் தீரப் பெட்டகத்திலிருந்து எடுங்கள்.

ஒரு ஆள் தனியாகச் செய்தால் இந்த நேரம் போதாது. துணைக்கு ஒருவரைக் கூப்பிடுங்கள், ஒருவர் வெண்ணெய், ஒருவர் காய்.

பாயான்பாரு அம்மா | மே 10, இரவு 10.02

அண்ணன், இதை அப்படியே எழுதி அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டுகிறேன். துணைக்குத் தங்கை வருகிறாள்.

ரொட்டிக்கடைப் பிள்ளை | மே 15, இரவு 9.30

நாளை அல்லவா? வெண்ணெயை விடியற்காலை மொத்தமாக வெளியே எடுத்துவிடாதீர்கள். ஒரு கட்டி தீரும் நேரத்தில் அடுத்த கட்டி.

பாயான்பாரு அம்மா | மே 16, மாலை 4.45

செய்துவிட்டோம்.

காலை 6 மணிக்கு எழுந்து காய்களைச் சுவைத்தோம். பதினாறில் ஒன்று கசந்தது, நாக்கில் நின்றது. அக்கா சொல்லியிருக்காவிட்டால் அதையும் சேர்த்து நறுக்கியிருப்பேன். தங்கை வெண்ணெய், நான் காய். 8.30க்கு முடிக்க முடியவில்லை, 8.50 ஆனது. மல் துணி கிடைக்கவில்லை, பழைய வெள்ளை வேட்டித் துண்டைத் துவைத்துக் கொதிநீரில் போட்டு எடுத்துப் பிழிந்து போர்த்தினோம்.

10.20க்குப் பரிமாறினார்கள். கடைசித் தட்டு 11 மணிக்குப் போனது, அதையும் ஒன்று எடுத்துக் கீழ் ரொட்டியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்து இருந்தது. இந்த ஆண்டோடு ஓய்வு பெறப்போகும் ஆசிரியை ஒருவர் இரண்டாவது முறை வந்து எடுத்தார். சிறுவயதில் அவருடைய பெரியம்மா ஒரு பங்களாவில் வேலை செய்துவிட்டு வரும்போது துணியில் முடிந்து இதைக் கொண்டுவருவாராம், அதற்குப் பிறகு இப்படிச் சாப்பிட்டது இன்றைக்குத்தான் என்றார். ஐயா, உங்கள் அம்மாவைப் பற்றி அவரிடம் சொன்னேன்.

மிஞ்சியது நான்கே நான்கு. நேரம் தாண்டிவிட்டதால் மனமில்லாமல் எறிந்துவிட்டேன்.

தோட்டத்து மகன் | மே 16, இரவு 7.20

நல்லது அம்மா. அந்த ஆசிரியைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். எந்தத் தோட்டம் என்று கேட்டீர்களா?

பாயான்பாரு அம்மா | மே 16, இரவு 7.31

கேட்டேன் ஐயா, கெடாதான். தோட்டத்தின் பெயர் அவருக்கு நினைவில்லை, வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

ஜெலுத்தோங் ஆச்சி | மே 16, இரவு 8.10

60 துண்டு ரொட்டியின் ஓரங்களை என்ன செய்தாய்? எறிந்துவிடாதே.

பாயான்பாரு அம்மா | மே 16, இரவு 8.26

ஆச்சி, ஒரு பெரிய பை நிறைய ஐஸ்பெட்டியில் இருக்கிறது. உங்களைக் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று வைத்திருக்கிறேன்.

ஜெலுத்தோங் ஆச்சி | மே 16, இரவு 8.52

பாதியை நெய்யில் முறுகலாக வறுத்து, காய்ச்சிய பாலில் சர்க்கரை, ஏலக்காய் போட்டு ஊறவை. மீதியைக் காயவைத்து இடித்து வை, கட்லட்டுக்கு ஆகும். வறுக்கும்போது தீ சின்னதாக இருக்கட்டும், ஓரம் சீக்கிரம் கருகும்.

பாயான்பாரு அம்மா | மே 16, இரவு 8.55

இப்போதே பால் வைக்கிறேன் ஆச்சி.